தேய்ந்த கிளட்ச் தட்டுகள்

சென்ற திங்கள் மழைக்காலத்தில் வண்டியின் சங்கிலியைப் பேணும் முறை பற்றி இப்பகுதியில் எழுதினோம். அதனைப் படித்த அன்பர் சிலர், கிளட்ச் தட்டுகளை வீட்டிலேயே மாற்றிக்கொள்ள இயலுமா என்று கேட்டுள்ளனர். இயலும் என்பதே நம் விடை. ஆனால், மாற்றத்தான் வேண்டுமா என்பதை முதலில் அறிந்துகொள்ளுதல் அதனினும் முதன்மையானது. தட்டு தேயாதிருக்கத் தட்டை மாற்றியவர்களும், தேய்ந்ததற்குக் காரணம் அறியாமல் ஓராண்டில் இருமுறை மாற்றியவர்களும் நம்மிடையே உண்டு. ஆதலின் ஸ்பானரைக் கையில் எடுக்குமுன் சிறிது நேரம் இதனைப் பற்றிப் பேசுவோம்.

குடும்பங்கள் படிக்கும் சங்க இதழில் கிளட்சுக்கு என்ன இடம் என்று வினவுவோரும் இருக்கலாம். சந்தாபுராவில் நம்மவர் குடியிருக்கும் தெருக்களை ஒருமுறை நோக்கினால் விடை கிடைக்கும். பொம்மசந்திரா, ஜிகனி, அத்திப்பள்ளி என நாற்புறமும் உள்ள தொழிற்சாலைகளுக்குக் கணவனைக் கொண்டு செல்வதும், குழந்தையைப் பள்ளியில் விடுவதும், அரிசி மூட்டையைச் சுமந்து வருவதும் அந்த ஒரே வண்டிதான். 2025 ஆகஸ்டில் மஞ்சள் வழி மெட்ரோ பொம்மசந்திரா வரை வந்துவிட்டது, மெத்த மகிழ்ச்சி. எனினும் அந்நிலையத்தைச் சென்றடையவும், இரவு முறை வேலை முடிந்து வீடு திரும்பவும் பலருக்கு இன்னும் வண்டியே துணை.

இவை யாவினும் நம்மைக் கவலைகொள்ளச் செய்வது பண்டிகைக் காலத்து ஊர்ப் பயணம். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் என்று செல்லும் நெடுஞ்சாலையில், மனைவியைப் பின்னிருத்திக் குழந்தையை நடுவில் அமர்த்திச் செல்வோரை ஒவ்வொரு பொங்கலுக்கும் காண்கிறோம். இம்மூவர் சவாரியை நாம் ஏற்கவில்லை, சட்டமும் ஏற்காது. ஆயினும் நடப்பதைக் காணாதது போல் இருக்கவும் முடியவில்லை. போகும்போது வழி பெரிதும் இறக்கம்; வரும்போதோ ஏற்றம். சேலத்துக்கும் தருமபுரிக்கும் இடையே தொப்பூர்க் கணவாய். அது கழிந்தால், கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வருவதற்குள் ஆயிரம் அடிக்கு மேல் ஏறியாக வேண்டும். அவ்வேற்றத்தில் சரக்கு லாரி ஒன்றைக் கடக்க எண்ணி ஒருவர் கைப்பிடியைத் திருகுகிறார். இயந்திரம் அலறுகிறது, வண்டியோ விரையவில்லை. லாரியின் பக்கவாட்டில், முன்னேறவும் இயலாமல் பின்வாங்கவும் இயலாமல் அவர் நிற்கும் அந்த நான்கைந்து நொடிகளில்தான் தேய்ந்த தட்டின் உண்மையான விலை தெரியவரும். இதனால்தான் இவ்விதழில் இதற்கு இடம் கொடுத்தோம்.

வண்டி நிற்கும்போதும் அதன் இயந்திரம் சுழன்றுகொண்டிருக்கிறது. சுழலும் இயந்திரத்தையும் நிற்கும் சக்கரத்தையும் அதிர்ச்சியின்றி இணைப்பதும், கியர் மாற்றும்போது பிரிப்பதும் கிளட்சின் பணி. நாம் ஓட்டும் வண்டிகளில் இது ஒரு தட்டன்று. பல தட்டுகளின் அடுக்கு. உராய்வுப் பொருள் ஒட்டிய தட்டு ஒன்று, வெறும் இரும்புத் தட்டு ஒன்று, மீண்டும் உராய்வுத் தட்டு ஒன்று என மாறி மாறி அமைந்திருக்கும். உராய்வுத் தட்டுகளின் வெளிவிளிம்பில் உள்ள காதுகள் ஹவுசிங் எனப்படும் கூடையின் பிளவுகளில் பொருந்தி, இயந்திரத்தோடு சேர்ந்து சுழலும். இரும்புத் தட்டுகளின் உள்விளிம்பில் உள்ள பற்கள் நடுவே இருக்கும் சென்டரைப் பற்றிக்கொண்டு, கியர்ப் பெட்டியின் வழியே பின்சக்கரத்தோடு உறவு கொள்ளும். ஸ்பிரிங்குகள் அடுக்கை அழுத்தும்போது இரு கூட்டமும் ஒன்றாகின்றன; இடக்கைப் பிடியை இழுத்தால் அழுத்தம் நீங்கி இரண்டும் தனித்தனியே சுழல்கின்றன. இவ்வளவும் எஞ்சின் ஆயிலில் நனைந்தபடியே நடக்கும்.

முழுதும் பற்றியிருக்கும் தட்டும் தேயாது. முழுதும் விட்டிருக்கும் தட்டும் பெரிதும் தேயாது. பாதி பற்றிப் பாதி விட்டு வழுக்கும்போதுதான் தேய்வு நேர்கிறது. அந்நேரத்தில் இயந்திரத்தின் ஆற்றலில் ஒரு பங்கு சக்கரத்துக்குச் செல்லாமல் தட்டுகளுக்கிடையே வெப்பமாக மாறுகிறது. மாலையில் எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து சந்தாபுரா வரை ஓசூர்ச் சாலையில் ஊர்ந்து வந்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பத்தடி செல்வதும் நிற்பதுமாக, பிடியை முழுதும் விடாமலும் முழுதும் இழுக்காமலும் அரைமணி நேரம் வைத்திருப்போம். நெரிசல் நாம் உண்டாக்கியதன்று. அதற்கு என் செய்வது என்பீர்கள். முன்னே போதிய இடம் விழும் வரை நியூட்ரலில் காத்திருந்து, பின் ஒரே தொடர்ச்சியாக நகரலாம். ஏற்றத்தில் நிற்கையில் கிளட்சால் வண்டியைத் தாங்கிப் பிடிக்காமல் பிரேக்கால் பிடிக்கலாம். நெரிசல் அற்ற சாலையிலும் இரு விரல்களை எப்போதும் பிடியின்மேல் வைத்திருக்கும் பழக்கத்தை விடலாம். மூன்றாவது பழக்கமே எல்லாவற்றினும் கேடு விளைப்பது. விரலின் கனமே அழுத்தத்தைக் குறைக்கப் போதுமானது. ஓட்டுபவருக்கோ தாம் இழுப்பதாகவே தோன்றாது.

இனி, தேய்ந்ததை அறிவது எவ்வாறு? சமமான, ஆளரவமற்ற சாலையில் நடுத்தர வேகத்தில் மேல் கியரில் சென்றுகொண்டிருக்கையில் கைப்பிடியைச் சட்டென்று திருகிப் பாருங்கள். இயந்திரத்தின் ஒலி உயர்ந்து, வேகம் அதற்கேற்ப உயராவிடில் கிளட்ச் வழுக்குகிறது என்று அறியலாம். கீழ் கியர்களில் இது எளிதில் புலப்படாது. தொடக்கத்தில் மேல் கியரில் மட்டுமே தோன்றும். எரிந்த வாடையும், பெட்ரோல் முன்போல் ஓடாமையும் துணைச் சான்றுகள். இதற்கு நேர்மாறான நோயும் உண்டு. பிடியை முழுதும் இழுத்தும் வண்டி முன்னே நகர முயலும். சிக்னலில் நியூட்ரல் விழாது. முதல் கியர் ஓசையுடன் விழும். இது தட்டுகள் பற்றாமை அன்று, விடாமை. வளைந்த இரும்புத் தட்டு, காயம்பட்ட ஹவுசிங், தளர்ந்த கேபிள் ஆகியவை இதற்குக் காரணமாகலாம். இந்நோய்க்குப் புதிய உராய்வுத் தட்டுகளை வாங்கிப் போட்டுவிட்டு, கடைக்காரனை வைவதில் பயனில்லை.

வழுக்கல் உறுதியானாலும் உடனே மூடியைத் திறக்க வேண்டா. முதலில் கேபிளைப் பாருங்கள். பிடியின் நுனி, கனம் ஏறாமல் பொதுவாக 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை வெறுமனே ஆட வேண்டும்; உங்கள் வண்டிக்கு உரிய அளவு அதன் கையேட்டில் இருக்கும். பலர் எண்ணுவதற்கு மாறாக, தட்டு தேயத் தேய இந்த ஆட்டம் கூடுவதில்லை, குறைகிறது. கேபிள் நீள்வதால் கூடுவதும், தட்டு தேய்வதால் குறைவதும் ஒன்றுக்கொன்று எதிரானவை. ஆட்டம் முற்றும் அற்றுப்போனால், நீங்கள் பிடியைத் தொடாதபோதும் கேபிள் அதனை இழுத்துக்கொண்டே இருக்கிறது என்பது பொருள். பிடி விறைப்பாக இருப்பதே நல்லது என்று எண்ணி ஆட்டமே இல்லாதபடி முறுக்கி வைப்போர் நம்மவரில் உளர். அவர்கள் புதுத் தட்டு போட்டாலும் சில திங்களில் அதுவும் போகும். ஆட்டத்தைச் சரிசெய்த பின் வழுக்கல் நின்றுவிடின், ஒரு காசும் செலவில்லை.

அடுத்து ஆயில். காருக்குரிய ஆயில்களில் பல, உராய்வைக் குறைக்கும் பொருள்கள் கலந்தவை. காருக்கு அது நன்மை; அங்கே கிளட்ச் ஆயிலில் மூழ்கி இருப்பதில்லை. நம் வண்டியிலோ அதே ஆயில்தான் கிளட்சையும் நனைக்கிறது. இவ்வேறுபாட்டைக் கருதியே ஜப்பானியர் 1998-இல் மோட்டார் சைக்கிள் ஆயிலுக்கென ஜாசோ எனும் தனித் தர அளவை வகுத்தனர். டப்பாவின் பின்புறம் 'ஜாசோ எம்.ஏ.' அல்லது 'எம்.ஏ.2' என்ற குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 'எம்.பி.' என்றிருப்பது கியர் இல்லாத ஸ்கூட்டர்களுக்கு உரியது. ஆட்டமும் ஆயிலும் சரியாக இருந்தும் வழுக்கினால், அப்போது திறக்கலாம்.

திறப்பதற்கு அஞ்ச வேண்டா. கோவை ஜி. டி. நாயுடு (1893–1974) இளமையில் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஏறிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, உணவு விடுதியில் பணியாற்றிப் பொருள் சேர்த்து, அதனை 300 ரூபாய்க்கு வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மீண்டும் பூட்டினார் என்பது அவருடைய வாழ்க்கை வரலாற்றில் பலரும் அறிந்த செய்தி. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கியது அதற்குப் பின். அவருக்குக் கல்லூரிப் படிப்பு இல்லை. சொல்லித்தர ஆளும் இல்லை. இன்று கையேடும், கைப்பேசியில் படமும் இருக்கும் நமக்கு அவருடைய துணிவில் நூறில் ஒரு பங்கு போதும்.

வண்டிக்கு வண்டி அமைப்பு வேறுபடும் என்பதை மறக்கலாகாது. 1955 முதல் சென்னையில் உருவாகி, திருவொற்றியூரின் பெயரை நாடறியச் செய்த பழைய புல்லட்டில் கிளட்ச் இடப்புறம், தனிப் பெட்டிக்குள் இருக்கும். ஒரே நட்டைக் கழற்றினால் மூடி முழுவதும் கையோடு வந்துவிடும். மைசூரில் 1961 முதல் செய்யப்பட்ட ஜாவாவில் கியர் மிதியை அழுத்தினாலே கிளட்ச் விடுபடும் ஏற்பாடு உண்டு. அதே மிதியைத் திருப்பி வண்டியைக் கிளப்பவும் செய்யலாம். அத்தொழிற்சாலை 1996-இல் மூடப்பட்டது. ஆனால் வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. நம் பக்கத்து ஓசூரில் 1980-இல் பிறந்த டி.வி.எஸ். 50-இல் இடக்கைக் கிளட்சே கிடையாது. சுழற்சி வேகத்தால் அதுவே பற்றும், அதுவே விடும். ஸ்கூட்டர்களும் அவ்வினத்தைச் சேர்ந்தவையே. நாம் இங்கு சொல்வது 100 முதல் 150 சி.சி. வரையிலான, நம் தெருக்களில் மிகுதியாக உள்ள கியர் வண்டிகளுக்கு. அவற்றில் கிளட்ச் பெரும்பாலும் வலப்புறம், இயந்திரத்தின் மூடிக்குள் இருக்கும்.

வேலைக்கு ஞாயிற்றுக்கிழமை காலை ஏற்றது. நம்மில் பலர் வாடகை வீட்டில் கீழ்த்தளத்தில் வண்டி நிறுத்துவோர். தரையில் ஆயில் சிந்தினால் வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். பழைய சாக்கும் அதன்மேல் அட்டையும் விரித்துக்கொள்க. உராய்வுத் தட்டுகளையும் கேஸ்கெட்டையும் முன்னரே வாங்கி வைத்திருக்க வேண்டும். நிறுவனத்தின் சொந்த உதிரிப் பாகத்தையே வாங்குங்கள். விலையில் சேமிப்பது இவ்விடத்தில் சேமிப்பாகாது. புதுத் தட்டுகளை முதல் நாள் இரவே சுத்தமான எஞ்சின் ஆயிலில் ஊறப் போடுக. வீட்டம்மையார் கொடுக்க மனமொப்பும் பழைய பாத்திரம் ஒன்று போதும். உலர்ந்த தட்டைப் பூட்டினால் முதல் ஓட்டத்திலேயே அதன் முகம் கருகிப்போகும்.

ஆயிலை வடித்து, பின் கேபிளை விடுவித்து, வழியில் நிற்கும் மிதியையும் கிக்கரையும் கழற்றுக. மூடியின் போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளமல்ல. நீண்டதைக் குட்டைத் துளையில் பூட்டி முறுக்கினால் அலுமினியம் விரிந்துபோகும். குட்டையானதை நீண்ட துளையில் போட்டால் மரை பற்றாது. ஆதலின் ஓர் அட்டையில் மூடியின் உருவை வரைந்து, கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் அதற்குரிய இடத்தில் குத்தி வைக்க வேண்டும். இது வீட்டுப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கத்தக்க வேலை. அவர்கள் நம்மினும் கவனமாகச் செய்வர். போல்ட்டுகள் கழன்றும் மூடி வராவிடில் மரச் சுத்தியலால் மெல்லத் தட்டுக. இடுக்கில் திருப்புளியை நுழைத்து நெம்புவோர், பின்னர் அவ்விடத்தில் ஆயில் கசிவதைக் கண்டு ஆண்டுக்கணக்கில் வருந்துவர். மூடியை இடம் பொருத்தும் இரு சிறு குழல்கள் தரையில் உருண்டுவிடாமல் பார்த்துக்கொள்க.

உள்ளே கிளட்ச் தெரியும். தொடுமுன் ஒரு படம் எடுத்து வையுங்கள். ஸ்பிரிங் போல்ட்டுகளை ஒன்றை முழுதும் கழற்றிவிட்டு மற்றொன்றுக்குச் செல்லலாகாது. எதிரெதிராகச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். சில வண்டிகளில் இவற்றைக் கழற்றியதும் பிரஷர் பிளேட் வந்துவிடும். தட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுக்கலாம். வேறு சிலவற்றிலோ பிரஷர் பிளேட் அடுக்கின் உட்புறம் அமைந்திருக்கும். நடுவிலுள்ள பூட்டு நட்டைக் கழற்றினால்தான் தட்டுகள் வெளிவரும். அந்நட்டுக்குத் தனி வகை ஸ்பானரும், சென்டர் சுழலாமல் பிடிக்கும் கருவியும் வேண்டும். அவை இல்லையெனின் அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள். உளியை வைத்துச் சுத்தியலால் அடித்து நட்டைச் சுழற்றும் முறையைத் தெருவோரங்களில் காண்கிறோம். அடியின் அதிர்ச்சி உள்ளே பேரிங்கையும் கியரையும் சென்று தாக்கும். சில நூறு ரூபாய் வேலை சில ஆயிரத்தில் முடியும். உங்கள் வண்டி எவ்வகை என்பதைத் திறக்குமுன் கையேட்டில் பார்த்துக்கொள்வது அறிவுடைமை.

எடுத்த தட்டுகளை எடுத்த வரிசையிலேயே வைத்து ஒவ்வொன்றாக நோக்குக. சிறு வண்டிகளில் புது உராய்வுத் தட்டின் கனம் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர். அதில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தேய்ந்தாலே பெரும்பாலான கையேடுகள் அதனைக் கழித்துவிடச் சொல்கின்றன. ஒரு தட்டில் இது கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆனால் நான்கைந்து தட்டுகளின் தேய்வு ஒன்றுசேர்ந்தால் அடுக்கு மெலிந்து, ஸ்பிரிங் நீண்டு, அதன் அழுத்தம் தளர்கிறது. வெர்னியர் அளவுகோல் ஒன்று இருந்தால் ஐயம் தீரும். இரும்புத் தட்டு நீலம் பாய்ந்திருந்தால் அது சூட்டைக் கண்ட தட்டு. தடித்த கண்ணாடிப் பலகையின்மேல் அதனை வைத்து, விளிம்பின் கீழே 0.2 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் வளைந்துவிட்டது என்க. ஸ்பிரிங்குகளில் ஒன்று குறுகியிருந்தாலும் முழுத் தொகுதியையும் மாற்றுக.

பலரும் காணத் தவறுவது ஹவுசிங்கின் பிளவுகளை. தட்டின் காதுகள் இடைவிடாமல் மோதி மோதி அங்கே சிறு பள்ளங்கள் விழுந்திருக்கும். பள்ளத்தில் சிக்கிய தட்டு, பிடியை இழுக்கும்போது நகராது. மேலோட்டமான தழும்பாயின் நுண்ணரத்தால் சமன் செய்யலாம். ஆழமாயின் ஹவுசிங்கையே மாற்ற வேண்டும். சில பணிமனைகளில் தட்டை மட்டும் மாற்றி, இதனைச் சொல்லாமல் மூடிவிடுகின்றனர். வீட்டில் செய்வதன் பெரும்பயன், கூலி மிச்சமாவதைவிட, இந்தப் பள்ளத்தை நம் கண்ணாலேயே பார்ப்பதுதான் என்பது நம் கருத்து.

பூட்டுவது, கழற்றியதன் மறுதலை. சில வண்டிகளில் கடைசித் தட்டின் காது மட்டும் வேறொரு பிளவில் அமர வேண்டும். பிரஷர் பிளேட்டிலும் சென்டரிலும் ஒன்றையொன்று நோக்க வேண்டிய குறிகள் இருக்கலாம். எடுத்து வைத்த படம் இங்கே உதவும். ஸ்பிரிங் போல்ட்டுகளை மீண்டும் எதிரெதிராகச் சிறிது சிறிதாக முறுக்குக. அவை மெல்லியவை; அவற்றைத் தாங்குவதோ அலுமினியம். குட்டை ஸ்பானரில் மணிக்கட்டின் பலமே போதும். தோளின் பலம் வேண்டா. பழைய கேஸ்கெட்டின் எச்சத்தை அலுமினியத்தில் கீறல் விழாமல் சுரண்டி எடுத்து, புதியதை வைத்து மூடுக. கையேடு கூறும் அளவு ஆயில் ஊற்றி, அளவுக் குச்சியில் பார்த்து, இறுதியாகப் பிடியின் ஆட்டத்தைச் சரிசெய்க. வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்திக் கிளப்பி, பிடியை இழுத்துக் கியர் போட்டுப் பார்த்த பின்னரே தெருவுக்கு எடுத்துச் செல்ல வேண்டும். முதல் சில நாட்கள் பளுவேற்றாமல் ஓட்டுக. ஊர்ப் பயணத்துக்கு முந்திய நாள் இவ்வேலையில் இறங்க வேண்டா. இரண்டு வாரம் முன்னதாகவே முடித்துவிடுங்கள்.

எஞ்சியது வடித்த பழைய ஆயில். ஏறத்தாழ ஒரு லிட்டர் இருக்கும். அதனைச் சாக்கடையில் கவிழ்ப்பது எளிது. நம் சாக்கடைகள் எங்கே செல்கின்றன என்பதைச் சந்தாபுரா ஏரியைக் கண்டவர் அறிவர். அவ்வேரி சீர்கெட்டதற்காக 2022 அக்டோபரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசுக்கு 500 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. அக்கேட்டுக்குப் பெருங்காரணம் கழிவுநீரும் ஆலைக் கழிவும். நம் ஒரு லிட்டர் அன்று. ஆயினும் பயன்படுத்திய ஆயிலை 2016-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் தீங்குடைய கழிவுகளின் பட்டியலில் வைத்துள்ளன. புது ஆயில் வந்த டப்பாவிலேயே பழையதை ஊற்றி இறுக மூடி, பழைய ஆயிலைப் பீப்பாயில் சேர்த்து மறுசுத்திக்கு அனுப்பும் பணிமனை எதுவென்று கேட்டு அங்கே கொடுத்துவிடுங்கள். சங்கிலிக்குப் பூசலாம் என்று சிலர் அதனை வைத்துக்கொள்கின்றனர். அதில் கலந்திருக்கும் உலோகத் துகள் சங்கிலியை அரிக்கும் என்று சென்ற திங்களே எழுதியிருந்தோம்.